ஓட்டை இல்லாத கீரை

ஜான்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிக் கீரை போடுகிற அத்தனை பேரிடமும் அவள் ஒரு தடவையாவது சண்டை பிடித்திருக்கிறாள். "மருந்தடிச்ச ஈரம் காயறதுக்குள்ள அறுத்து வண்டில ஏத்துறியே, உன் வூட்டுப் புள்ளைக்கு இத்த ஊட்டுவியா?" என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் முதல் வரி. அவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? "போ யக்கா, உன் கீரைய பூச்சி துன்னட்டும், எங்க கீரைய மனுஷன் துன்னட்டும்" என்று சிரிப்பார்கள்.

அந்தக் கேலியையே ஜான்சி வியாபாரமாக்கிக் கொண்டாள். கீரைக்கட்டைப் பிரித்து, ஓட்டை விழுந்த இலையாகப் பார்த்து எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள். "பாத்துக்கம்மா. பூச்சிக்கு ஆவற கீரதான் புள்ளைக்கும் ஆவும்." அடுக்குமாடிகளில் இருக்கிற அம்மாக்களுக்கு அந்த ஒரு ஓட்டை போதும். அதிலும் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், அப்போதுதான் பருப்பும் கீரையும் மசித்து ஊட்டத் தொடங்கியவர்கள், அவளைக் கோயில் பிரசாதம் கொண்டு வருகிறவள் மாதிரி எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் வரைக்கும் அவளுக்கென்று வாட்ஸப் குரூப் ஒன்று இருந்தது. காலையில் அவள் அறுத்துக் கட்டியதை, அவள் புருஷன் தேவானந்தம் தன் ஷேர் ஆட்டோவில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத்தான் சவாரிக்கே போவான்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பேச்சுக்குத் தகுந்த வேலையும் செய்தாள். அவள் கீரை போட்டது வெளிநாட்டில் இருக்கிற யாரோ வாங்கிப் போட்ட மனையில். ஆக்கிரமிப்பு ஆகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று விட்டிருந்தார்கள். வேளாண்மைத் துறைக்காரர்கள் நடத்திய பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அந்த மனையையே மாற்றிவிட்டாள். பாத்திக்குப் பாத்தி மஞ்சள் ஒட்டும் அட்டை நட்டாள். பறக்கிற பூச்சியெல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். வேப்பங்கொட்டையை இடித்து, ராத்திரி ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, சோப்புக் கரைசல் கலந்து தெளித்தாள். ஓரத்தில் செண்டுமல்லி வைத்தாள். வரப்பு நெடுக தட்டைப்பயறு போட்டாள்.

தட்டைப்பயறு காய்க்காக இல்லை. அதில் சாறு உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த வண்டுகள் அங்கே குடும்பம் நடத்திப் பெருகி, பிறகு கீரைப் பாத்திக்குள்ளும் ரோந்து வரும். "என் போலீஸு" என்றுதான் ஜான்சி அவற்றைச் சொல்வாள். வேப்பங்கரைசல் தெளிக்கும்போதுகூட அந்த வரப்புப் பக்கம் போகமாட்டாள்.

இவ்வளவு விவரமான பெண்ணுக்குப் போன மழைக்காலத்தில் சோதனை வந்தது. மழை விட்டுப் பனி இறங்கியதும் அசுவினியும் புழுவும் கூட்டம் கூட்டமாக வந்தன. வேப்பங்கொட்டை பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போயிருந்தது. அதோடு குரூப்பில் அம்மாக்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஓட்டை இருந்தால் பரவாயில்லையாம், ஆனால் இவ்வளவு ஓட்டை வேண்டாமாம். இலைக்கு அடியில் பிசுபிசுவென்று இருக்கிறதாம், கழுவினால் போகவில்லையாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஜான்சி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் முடிச்சூர் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிற அசரியா ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். மேலே பச்சை இலைப் படம். வேப்பெண்ணெய், பூண்டு, மூலிகைச் சாறு, நூறு சதவீதம் இயற்கை என்று போட்டிருந்தது. ஒரே சர்ச்சுக்குப் போகிறவன், தெரிந்த பையன், ஏமாற்றமாட்டான் என்று வாங்கி வந்தாள். அடித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் பாத்தி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு அசுவினி இல்லை, ஒரு புழு இல்லை. அதற்குப் பிறகு வந்த இலையில் ஓட்டை என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இயற்கைச் சரக்கு என்பதால் அடித்த பிறகு நாள் கணக்குப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். சாயங்காலம் அடிப்பாள், விடிந்ததும் அறுப்பாள். வேப்பங்கரைசலுக்கு அப்படித்தானே செய்துகொண்டிருந்தாள்! கீரைப் பாத்திக்குள் பொறிவண்டு வருவது நின்றுபோனதையும் கவனித்தாள். ஆனால் அதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அசுவினியே இல்லாத இடத்தில் பொறிவண்டுக்கு என்ன வேலை? சோறு இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வருவானா?

அடித்த அன்றைக்கெல்லாம் தலை வலித்தது, கண்ணில் நீர் வடிந்தது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் பாத்தியெல்லாம் அடித்து முடித்த பிறகும் டேங்கில் கொஞ்சம் மீதி இருந்தது. காசு போட்டு வாங்கியதைக் கீழே கொட்ட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? வரப்புத் தட்டைப்பயறில் அசுவினி கறுப்பாக அப்பியிருந்ததைப் பார்த்து, மீதியை அதன்மேல் அடித்துவிட்டுப் போனாள். அதுவரை அவள் அந்த வரப்பில் எதையுமே தெளித்தவள் இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல அறுத்துக் கட்டினாள். தேவானந்தம் ஏற்றிக்கொண்டு போனான். நன்றாக வெயில் வந்த பிறகு, வீட்டுக் குழம்புக்கு நாலு தட்டைக்காய் பறிக்கலாம் என்று வரப்புக்கு வந்தாள்.

செடிக்கு அடியில் யாரோ குன்றிமணியைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. சிவப்பும் கறுப்புமாக மண்ணெல்லாம் சிதறிக் கிடந்தது. குனிந்து ஒன்றை எடுத்தாள். பொறிவண்டு. காலை மடக்கிக்கொண்டு செத்திருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும். இன்னொன்று மல்லாந்து கிடந்தபடி கால்களை உதறிக்கொண்டிருந்தது. பக்கத்துச் செண்டுமல்லிக்குக் கீழே தேனீக்கள் கிடந்தன. செடியின்மேல் அசுவினி கருகி ஒட்டியிருந்தது. தின்றதும் செத்திருந்தது, தின்னப்பட்டதும் செத்திருந்தது.

ஜான்சி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வேப்பங்கொட்டை இப்படி அடித்துப் போடாது. அது பூச்சியின் வாயைக் கட்டும், பசியை மறக்கடிக்கும், பட்டினி போட்டு மெதுவாகத்தான் சாகடிக்கும். நாலைந்து நாளாகும். பொறிவண்டு பக்கம் போகவே போகாது. பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. இதையே அவள் எத்தனை பேரிடம் வாய் கிழியச் சொல்லியிருக்கிறாள்! முதல் நாள் அந்த பாட்டிலை அடித்து, மறுநாள் பாத்தி காலியாகக் கிடந்தபோதே, இது வேம்பு செய்கிற வேலை இல்லையே என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. ஓட்டை இல்லாத இலையைப் பார்த்த சந்தோஷத்தில் அவளுக்குக் கண் அவிந்துபோயிருந்தது.

செத்த வண்டுகளைக் கையில் அள்ளிக்கொண்டாள். பாட்டிலைப் பைக்குள் போட்டாள். வருகிற முதல் ஆட்டோவைப் பிடித்து முடிச்சூர் ரோட்டில் போய் இறங்கினாள்.

அசரியா அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தான்.

"அசரியா, இந்த பாட்டில்ல இன்னா கீது?"

"இன்னாக்கா, காலங்காத்தால? வேப்பெண்ண, பூண்டு, மூலிக. மேலயே போட்டுகிறானே."

ஜான்சி உள்ளங்கையை விரித்து, வண்டுகளை அவன் மேஜைமேல் கொட்டினாள். அசரியா அவற்றைப் பார்த்தான், பிறகு கடைக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்.

"அக்கா, வெறும் வேப்பெண்ணைல இவ்ளோ ஜல்தியா கேக்குமா? உள்ள கொஞ்சம் மருந்து கலந்துதான் வரும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

"எல்லாருக்கும்னா?"

"வாங்கிகினு போற எல்லாருக்கும்தான். மருந்தடிச்சேன்னு வெளில சொல்லவும் வேணாம், பூச்சியும் நிக்காது. அதுக்குத்தானே இத்தயே கேட்டு வாங்கறாங்கோ? உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சிகினு இருந்தேன். நீ எவ்ளோ வெவரமான ஆளு!"

அவனை அறையத்தான் கை ஓங்கினாள். ஆனால் அவன் முகத்தில் திருட்டுத்தனம் எதுவுமில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டு நின்றான். ஓங்கிய கை தானாகக் கீழே வந்தது.

"இன்னா மருந்து கலந்துகிறான்?"

"அது எனக்கெங்க தெரியும்? கம்பெனிக்காரன் கலக்கறான், மேல எழுதமாட்டான். ஆமா, நீ அடிச்சிட்டு எத்தினி நாள் வுட்டு அறுக்கற?"

ஜான்சி மேஜைமேல் கிடந்த வண்டுகளைப் பார்த்தபடி "மறுநாளு" என்றாள்.

"மறுநாளா?" அசரியா எழுந்தே நின்றுவிட்டான். "யக்கா! நீ சண்ட புடிப்பியே, அவனுங்ககூட ரெண்டு மூணு நாளாச்சும் வுடுவானுங்களே! மருந்துன்னு தெரிஞ்சி அடிக்கறவனுக்கு ஒரு பயமாச்சும் இருக்கும். நீ மூஞ்சில துணியாச்சும் கட்னியா?"

கட்டவில்லை. கையுறையும் போடவில்லை. இயற்கைக்கு எதற்குக் கையுறை?

கடையை விட்டு இறங்கியபோது அவளுக்கு ரோடு தெரியவில்லை. பஸ்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். அந்த ஊர்க் கீரைக்காரர்களிலேயே மோசமானவன் யார் என்று அவள் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். விடை கிடைத்துவிட்டது. அவர்கள் கீரை கடைக்குப் போகும், யாரோ வாங்குவார்கள், சில வீட்டில் கழுவிக் கழுவிப் பயந்து தின்பார்கள். இவள் கீரைதான் நேராகக் குழந்தைகள் வாய்க்குப் போனது. பயம் இல்லாமல் போனது. வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேட்டிருக்கிறோம். தானே மேய்கிறோம் என்று தெரியாமல் மேய்ந்த வேலி இவள்தான்.

மனைக்குத் திரும்பியபோது தேவானந்தமும் கட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் ஆட்டோவின் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். நல்லவன்தான். ஆனால் நல்லவர்களுக்குப் பயம் வந்தால் மூளை எங்கெங்கேயோ போகும்.

"இன்னிக்குக் குடுத்தத யாரும் ஆக்காம தடுக்கணும். அவ்ளோதானே?" என்றான்.

"ஆமா."

"அதுக்கு மருந்துன்னு ஏன் சொல்லணும்? கொஞ்ச நாளாவே ஏரிப் பக்கத்துலேர்ந்து சாக்கடத் தண்ணி பாத்திக்குள்ள கசிஞ்சிகினு இருந்துகீது, இன்னிக்குத்தான் பாத்தோம், யாரும் ஆக்காதீங்க, தூக்கிப் போட்ருங்கோன்னு குரூப்ல போடு. கீரையும் யார் வயித்துக்குள்ளயும் போவாது. நம்ம பேரும் கெடாது. அந்த பாட்டில தூக்கிக் கடாசிட்டு மறுபடி வேப்பங்கொட்டய இடி. யாருக்கு இன்னா நஷ்டம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை. மற்ற நாளாயிருந்தால் அவனை ஒரு வழி பண்ணியிருப்பாள். அன்று அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. முதலில் கீரையை நிறுத்துவோம், மற்றது பிறகு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவன் சொன்னதை அப்படியே எழுதி குரூப்பில் அனுப்பினாள்.

பதில்கள் உடனே கொட்டத் தொடங்கின. கும்பிடு போட்ட கைகள், பூங்கொத்துகள், சிவப்பு இதயங்கள். 'இந்தக் காலத்தில் இப்படி யார் சொல்லுவார்கள்!' என்று ஒரு அம்மா. 'உங்கள் நேர்மைக்குத் தலை வணங்குகிறோம்' என்று இன்னொரு அம்மா. 'இதற்காகவே வாழ்நாள் முழுக்க உங்களிடம்தான் வாங்குவோம்' என்று மூன்றாவது. ஜான்சி அதற்கு மேல் படிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கவிழ்த்து வைத்த போன் அடித்தது. ரூக்சார்.

ரூக்சார் பெருங்களத்தூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிறவள். வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்ப்பாள். முதல் பிள்ளை முதாசிருக்கு இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. ஜான்சியிடம் தினமும் கீரை வாங்குகிற ஒரே வீடு அது.

"அக்கா, உங்க மெசேஜ் பார்த்தேன். எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே தெரியல." ரூக்சாரின் குரல் உடைந்து உடைந்து வந்தது. "முதாசிர நேத்து தாம்பரத்துல ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணிருக்கோம். ரெண்டு வாரமாவே அவனுக்கு சரியில்லக்கா. வாய்ல எச்சில் ஊத்திக்கிட்டே இருக்கு, வயிறு போகுது, எப்பப் பார்த்தாலும் துவண்டு துவண்டு படுத்துக்கிறான். டாக்டருக்கே காரணம் புரியல. இப்ப உங்க மெசேஜக் காட்டினேன். சாக்கடைத் தண்ணின்னா கிருமி ஏதாவது இருக்கும், அதுக்கு ட்ரீட்மென்ட் மாத்திப் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. நீங்க மட்டும் மறைச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுக்கா. அல்லா உங்கள நல்லா வெச்சிருக்கணும்."

ஜான்சி போனை வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டாள். பாட்டில் இருந்தது.

"வண்டிய எடு" என்றாள் புருஷனிடம்.

"எங்க?"

"தாம்பரம். அந்தப் புள்ளைக்குத் தப்பு மருந்து குடுக்கப் போறாங்க. நம்ம சொன்ன பொய்ய நம்பி."

தேவானந்தம் எழுந்திருக்கவில்லை. "ஜான்சி, கொஞ்சம் யோசி. நம்ம கீரதான்னு எப்டி சொல்ற? வேற எதுனா இருக்கலாம். நீ போயி வாயத் தொறந்தேன்னா போலீஸு கேஸாயிடும். உள்ள தள்ளிடுவாங்கோ."

"தள்ளட்டும். நீ எடுக்கறியா, நான் ரோட்டுக்கு ஓடவா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியை எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புலியூர் மேம்பாலத்துக்குக் கீழே வழக்கமான நெரிசல். ஜான்சி பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏசுவைக் கூப்பிட்டாள். எனக்கு என்ன வேண்டுமானாலும் செய், பிள்ளையை விட்டுவிடு என்று வேண்டினாள். வேறு எந்த ஜெபமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

குழந்தைகள் வார்டுக்கு வெளியே ரூக்சார் நின்றிருந்தாள். தூங்காத கண், கலைந்த துப்பட்டா. ஜான்சியைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"நேர்லயே வந்துட்டீங்களாக்கா! எங்க சொந்தக்காரங்ககூட இன்னும் வரல."

"ரூக்சாரு, இத்தக் கேளும்மா..."

"நான் எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்க்கா. அவனுக்கு எது ஒத்துக்கலைன்னு ஒண்ணொண்ணா நிறுத்தினேன். பால் பவுடர நிறுத்தினேன். பிஸ்கட், முட்டை, ஆப்பிள், எல்லாத்தையும் நிறுத்தினேன். கடைல வாங்கற எதுலயும் நம்பிக்கை இல்ல. கடைசில உங்க கீரையும் சாதமும் மட்டும்தான் குடுத்தேன், மூணு வேளையும். அதுல மட்டும் எந்தக் கெடுதலும் இருக்காதுன்னு நினைச்சேன்க்கா."

ஜான்சி அவளைத் தன் மேலிருந்து பிரித்து நிறுத்தினாள். மூன்று வேளையும். ஊருக்கெல்லாம் வாரத்தில் இரண்டு நாள், இந்தப் பிள்ளைக்கு மட்டும் மூன்று வேளையும். பிள்ளை வாட வாட, தாய் மற்றதையெல்லாம் விலக்கிவிட்டு விஷத்தை மட்டும் அளவு கூட்டி ஊட்டியிருக்கிறாள். இவளை நம்பி ஊட்டியிருக்கிறாள்.

அந்த நேரம் டாக்டர் சினேகா அறையிலிருந்து வெளியே வந்தாள். சின்ன வயதுதான். கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே நர்ஸிடம் ஏதோ சொல்லப் போனாள்.

"டாக்டரு!" ஜான்சி கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "அந்த மருந்தக் குடுக்காதீங்கோ. சாக்கடத் தண்ணி இல்ல. நான் பொய் சொன்னேன். இதுதான்."

பாட்டிலை நீட்டினாள். டாக்டர் வாங்கி, மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் குழப்பமாகப் பார்த்தாள்.

"வேப்பெண்ணெய்ன்னு போட்டிருக்கே?"

"போட்டுகீது. உள்ள பூச்சி மருந்து கலந்துகீது. இன்னா மருந்துன்னு வித்தவனுக்கே தெரியல. ஒரு மாசத்துக்கு மேல கீரைல அடிச்சிகினு இருக்கேன். சாயங்காலம் அடிச்சி, காலைல அறுத்துக் குடுத்துகிறேன். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். தெரிஞ்சும் பொய் சொன்னேன்."

டாக்டர் மூடியைத் திறந்தாள். முகத்துக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. வாடை அங்கேயே வந்துவிட்டது. அவள் முகம் மாறியது.

"அவன் கண்ணுக்குள்ள இருக்கிற கருப்புப் புள்ளி ஊசி முனை மாதிரி சுருங்கிப் போயிருந்துது. எனக்கு நேத்தே சந்தேகம்" என்றாள். "வீட்ல பூச்சி மருந்து ஏதாவது இருக்கான்னு இந்தம்மாகிட்ட ரெண்டு தடவை கேட்டேன். மருந்தடிச்ச காய்கூட எங்க வீட்டுக்குள்ள வராது டாக்டர்னு சத்தியம் பண்ணாங்க. அதுக்கப்புறம் உங்க மெசேஜ் வேற வந்துது." நர்ஸ் பக்கம் திரும்பி வேகவேகமாக ஏதேதோ மருந்துகளின் பெயரைச் சொன்னாள். ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னாள். உள்ளே ஓடப் போனவள் கதவருகே நின்றாள்.

"வேற எத்தனை வீட்ல குழந்தைங்க இந்தக் கீரையச் சாப்பிடுது?"

இதை ஜான்சி யோசிக்கவே இல்லை. கீரையைத் தூக்கிப் போட்டால் போதும் என்று சொல்லியிருந்தாள். ஏற்கெனவே வயிற்றுக்குள் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அங்கேயே, அந்த வராந்தாவில் நின்றுகொண்டே போனை எடுத்தாள். எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. மைக்கை அழுத்திப் பேசினாள்.

"நான் ஜான்சி பேசறேன். காலைல சொன்னது பொய். அது சாக்கடத் தண்ணி இல்ல, பூச்சி மருந்து. வேப்பெண்ணன்னு நம்பி நான்தான் அடிச்சேன். என் கீரயத் துன்ன புள்ளைங்க எச்சி வடிச்சிகினு, வயிறு போயிகினு, சோந்து கெடந்தா உடனே டாக்டர்கிட்ட தூக்கிகினு போங்கோ. பூச்சி மருந்து அடிச்ச கீரன்னு சொல்லுங்கோ. வெக்கப்படாம சொல்லுங்கோ. என் பேரச் சொல்லுங்கோ."

விரலை எடுத்தாள். போய்விட்டது. இந்தத் தடவை பூங்கொத்து ஒன்றும் வரவில்லை. பிறகு போன் அடிக்கத் தொடங்கி, நிற்காமல் அடித்தது. படியருகே நின்ற தேவானந்தம் வந்து அதை வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவரிடமும் "ஆமாம்மா, உண்மதாம்மா, தூக்கிகினு போங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

உள்ளிருந்து டாக்டர் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். மருந்து ஏற ஆரம்பித்துவிட்டதாம். எச்சில் குறைகிற மாதிரி இருக்கிறதாம். நேரத்தோடு தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று, ஆனாலும் இன்றைக்கு முழுக்க எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள்.

ரூக்சார் அப்படியே நின்றிருந்தாள். ஜான்சி அவள் எதிரே போய் நின்றாள். அடிக்கட்டும், காறித் துப்பட்டும், வயிறெரிந்து சாபம் விடட்டும். எல்லாவற்றுக்கும் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரூக்சார் அவளைப் பார்க்கவே இல்லை. தன்னுடைய வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து காலைல அவன் வேணாம்னு துப்பினான்க்கா" என்றாள், யாருக்கோ தகவல் சொல்கிற குரலில். "வாயை இறுக்கி மூடிக்கிட்டான். தலையத் தலையத் திருப்பினான். நான்தான் மூக்கப் பிடிச்சேன். மூச்சு விட வாயத் திறந்தப்ப உள்ள தள்ளினேன். கிண்ணம் காலியாகற வரைக்கும் விடல."